ரோமப் பேரரசர்களும் ஒரு 'ஆம்' விகுதியும்

கேள்வி இது: "கிளாடியேட்டர் படத்தின் இரண்டு பாகங்களும் பார்த்துவிட்டேன். பிபிசியின் பழைய 'ஐ, கிளாடியஸ்' தொடரைப் பாதி வரை பார்த்திருக்கிறேன். ரோமப் பேரரசர் என்றாலே பைத்தியம், கொடூரம், விஷம், விருந்து என்றுதான் எல்லாவற்றிலும் காட்டுகிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? எதை நம்பலாம், எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

இந்த விஷயத்தைப் பல வருடங்களாக ஆசையோடு படித்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். கி.மு. 27-இல் அகஸ்டஸ் தொடங்கி கி.பி. 476 வரை ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ரோமை ஆண்டிருக்கிறார்கள். திரை திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வது நாலைந்து பேரைத்தான்: கலிகுலா, கிளாடியஸ், நீரோ, கொமோடஸ். அன்டோனினஸ் பயஸ் என்றொருவர் 138 முதல் 161 வரை 23 வருடம் ஆண்டார். பதவியேற்ற பிறகு இத்தாலியை விட்டு வெளியே போனதே இல்லை என்று சொல்லலாம். பெரிய சண்டை இல்லை, குடும்பத்தில் கொலை இல்லை, படுக்கையில் கிடந்து நிம்மதியாக இறந்தார். அவரை நாயகனாக்கி எடுத்த ஒரு படம்கூட என் கண்ணில் பட்டதில்லை. ஆக, முதல் சாய்வு ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது சாய்வு இதைவிட ஆழமானது. தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. "வந்தான்" என்பதற்கும் "வந்தானாம்" என்பதற்கும் நடுவில் ஒரு உலகமே இருக்கிறது. அந்த 'ஆம்' போட்டுவிட்டால், நான் பார்க்கவில்லை, ஊரார் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ரோமப் பேரரசர்களைப் பற்றி நாம் அறிந்த சுவையான கதைகளில் பெரும்பாலானவை 'ஆம்' போட்ட வாக்கியங்கள். கலிகுலா தன் குதிரை இன்சிடாட்டஸைக் கான்சல் (ரோமின் மிக உயர்ந்த அரசுப் பதவி) ஆக்கினார் என்று எல்லாருக்கும் தெரியும். பழைய ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதியதைப் பிரித்துப் பாருங்கள்: அந்தக் குதிரைக்குப் பளிங்குக் கொட்டடியும் தந்தத் தொட்டியும் கொடுத்தார், அதைக் கான்சலாக்கவும் திட்டம் வைத்திருந்தாராம். அவ்வளவுதான். எந்தக் குதிரையும் பதவி ஏற்கவில்லை. அரசரின் கோபமான கேலியாகவே அது இருந்திருக்கலாம்: "உங்களைவிட என் குதிரை மேல்" என்று செனட்டர்களை, அதாவது ரோமின் பிரபுக்கள் சபையாரைப் பார்த்துச் சொன்னது. ஆனால் கேமராவுக்கு 'ஆம்' போடத் தெரியாது. குதிரையைக் காட்டினால் குதிரை வந்ததாகத்தான் ஆகும்.

இந்த வதந்திகளை எழுதி வைத்தவர்கள் யார் என்பதும் முக்கியம். டாசிட்டஸ், காசியஸ் டியோ இருவரும் செனட்டர்கள். சூட்டோனியஸ் அதற்கு அடுத்த படியிலிருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவர், பேரரசர் ஹேட்ரியனின் அரண்மனையில் கடிதப் பொறுப்பில் இருந்தவர். கலிகுலா கொல்லப்பட்ட 41-ஆம் ஆண்டில் இந்த மூவரில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. பேரரசர் பதவி வந்ததால் அதிகாரத்தை இழந்தது செனட். பேரரசர் கோபப்பட்டால் முதலில் தலை உருண்டதும் அவர்கள் கூட்டத்தில்தான். அந்தக் காயத்தோடு எழுதினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நாம் படிப்பது காயம்பட்டவர்களின் சாட்சியம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

அதோடு, கொலை செய்யப்பட்ட பேரரசர் கெட்டவராக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அடுத்து வந்தவரின் நாற்காலி ஆடும். இதற்கு நல்ல உதாரணம் கொமோடஸ். 192 டிசம்பர் 31 இரவு அவர் கொல்லப்பட்டதும் செனட் அவர் நினைவையே சபித்துத் தீர்த்தது. ஐந்து வருடத்துக்குள், பேரரசராகிவிட்ட செப்டிமியஸ் செவரஸ் தன்னைக் கொமோடஸின் அப்பா மார்க்கஸ் அவ்ரேலியஸின் மகனென்று அறிவித்துக்கொண்டு, 'சகோதரன்' கொமோடஸைத் தெய்வமாக்கினார். சபித்த அதே செனட் கும்பிட்டது.

நீரோவிடம் வருவோம். நம் ஊர் மேடைகளில் அடிபடும் வாக்கியம்: "ரோம் பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தானாம்." பிடில் என்று நாம் சொல்லும் வயலின் உருவானதே 16-ஆம் நூற்றாண்டில்தான். அது போகட்டும். 64 ஜூலையில் தீப்பிடித்தபோது நீரோ ரோமில் இல்லை, ஆன்டியம் என்ற கடலோர ஊரில் இருந்தார் என்று அவரை வெறுத்த டாசிட்டஸே எழுதுகிறார். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்காகக் கேம்பஸ் மார்ட்டியஸ் மைதானத்தையும் தன் தோட்டங்களையும் திறந்துவிட்டார். தானிய விலையை ஒரு மோடியஸ் (ரோம முகத்தலளவை) 3 செஸ்டர்ஸ் காசாக இறக்கினார். நகரத்தின் 14 வட்டாரங்களில் 3 தரைமட்டம், 7 பெருஞ்சேதம், 4 தப்பின. இவ்வளவையும் சொல்லிவிட்டு டாசிட்டஸ் சேர்க்கிறார்: இத்தனை செய்தும் பயனில்லை, ஏனென்றால் நகரம் எரியும்போது அவர் தன் வீட்டு மேடையில் ஏறி டிராய் நகர அழிவைப் பாடினார் என்ற பேச்சு பரவிவிட்டது.

அந்தப் பேச்சு வளர்ந்த விதத்தைக் கவனியுங்கள். டாசிட்டஸிடம் அது வதந்தி, இடம் வீட்டு மேடை. சூட்டோனியஸிடம் வதந்தி என்ற சொல் போய்விடுகிறது. இடம் மெசீனஸ் என்பவரின் பெயரில் இருந்த கோபுரம். நூறு வருடம் கழித்து எழுதிய டியோவிடம் அரண்மனைக் கூரை. கதை உயர உயர ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் சினிமாவுக்கு வந்து சேர்ந்தது. 1951-இல் வந்த 'குவோ வாடிஸ்' படத்தில் பீட்டர் உஸ்டினோவ் கையில் யாழோடு எரியும் நகரத்தைப் பார்த்துப் பாடுகிறார். அந்த ஒரு காட்சி உலகத்தின் மனதில் நீரோவை நிரந்தரமாக உட்காரவைத்துவிட்டது.

ஆனாலும் உஸ்டினோவின் நடிப்பை நான் மதிக்கிறேன். அதில் ஒரு காட்சி. நீரோவின் அரசவையில் இருந்த பெட்ரோனியஸ் தற்கொலை செய்துகொண்டார் என்ற செய்தி வருகிறது. நீரோ கண்ணீர்க் குப்பியைக் கொண்டுவரச் சொல்லிக் கன்னத்தில் வைத்துத் துளியைப் பிடிக்கிறார். துக்கப்படும்போதும் தன் துக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளும் மனிதர். குப்பி கற்பனையாக இருக்கலாம். ஆனால் நீரோ உண்மையில் மேடைக் கலைஞராக வாழ விரும்பியவர், கைதட்டலுக்கு ஏங்கியவர் என்பதில் பழைய நூல்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. தீப்பிடித்தபோது அவருக்கு வயது 26. தாயைக் கொல்லச் செய்தவர், தீக்குப் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு அவர்களைக் கொடூரமாகக் கொன்றவர் என்பதையெல்லாம் மறைக்க வேண்டாம். ஆனால் அவர் இறந்தபின் பல காலம் யாரோ வசந்தத்திலும் கோடையிலும் அவர் சமாதிக்குப் பூ வைத்தார்கள் என்றும் சூட்டோனியஸ்தான் எழுதுகிறார். கிழக்கே, நான்தான் நீரோ என்று சொல்லிக்கொண்டு கிளம்பியவர்களுக்குக் கூட்டம் சேர்ந்தது. மக்கள் யாரைத் திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்? எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தைத் திரை தொட்டதில்லை.

இந்த மாதிரிப் படங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. அந்தக் கால ஹாலிவுட் படங்களில் பேரரசர் பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுவார், நாயகன் அமெரிக்க ஆங்கிலம் பேசுவான். 'குவோ வாடிஸ்' படத்தில் உஸ்டினோவ் ஒரு பக்கம், ராபர்ட் டெய்லர் ஒரு பக்கம். பேரரசு என்றால் பழைய எஜமானின் குரல், விடுதலை என்றால் நம்மவன் குரல் என்று அமெரிக்க ரசிகனின் காது தானே புரிந்துகொள்ளும். தமிழ் டப்பிங்கில் பார்த்தால் இந்தச் செய்தி முழுக்கக் காணாமல் போய்விடும். எல்லாரும் ஒரே சரித்திர நாடகத் தமிழ் பேசுவார்கள்.

இப்போது கொமோடஸ். 2000-இல் வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் மார்க்கஸ் அவ்ரேலியஸ் மகனை ஒதுக்கிவிட்டு ஆட்சியைத் திரும்ப செனட்டிடம் கொடுக்க நினைக்கிறார். மகன் அப்பாவைக் கட்டிப்பிடித்து மூச்சடைத்துக் கொல்கிறான். 1964-இல் வந்த 'தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்' படத்திலும் மகனை ஒதுக்கும் திட்டம் உண்டு, அப்பாவின் கொலையும் உண்டு. நடந்தது வேறு. 177-இலேயே கொமோடஸ் அப்பாவோடு சேர்ந்து ஆளும் பேரரசராகிவிட்டார். 180-இல் மார்க்கஸ் இறந்தபோது வாரிசுக் கேள்வியே எழவில்லை. மகனுக்கு நல்லது செய்வதாக நினைத்து மருத்துவர்கள்தான் கொன்றார்கள் என்று டியோ எழுதியிருப்பதால், கொலைக் கதைக்கு மட்டும் ஒரு பழைய வேர் இருக்கிறது. குடியரசை மீட்கும் கனவு முழுக்க இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. படத்தில் சில காலம் ஆள்வது போலத் தோன்றும் கொமோடஸ், அப்பா இறந்தபின் 12 வருடத்துக்கு மேல் ஆண்டார். அரங்கத்தில் சாகவில்லை. மார்சியா என்ற துணைவி விஷம் கொடுத்து, அவர் வாந்தி எடுத்துப் பிழைத்துவிடுவாரோ என்று பயந்து, நார்சிசஸ் என்ற மல்யுத்த வீரனை அனுப்பிக் குளியலறையில் கழுத்தை நெரிக்க வைத்தார்கள்.

கட்டை விரலைக் கீழே காட்டினால் சாவு என்பதும் 1872-இல் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படத்திலிருந்து வந்ததுதான். ரோமர்கள் விரலைத் திருப்பினார்கள் என்று மட்டும் பழைய நூல்களில் இருக்கிறது. மேலேயா கீழேயா என்பது இல்லை. கிளாடியேட்டர் படத்தை எடுக்க ரிட்லி ஸ்காட்டைச் சம்மதிக்க வைத்ததே அந்த ஓவியத்தின் பிரதிதான்.

ஆனால் கொமோடஸ் அரங்கத்தில் இறங்கியது உண்மை. இங்கே நமக்கு 'ஆம்' போடாத சாட்சி கிடைக்கிறது. காசியஸ் டியோ அப்போது இளம் செனட்டர், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேரரசர் இடது கைப் பழக்கக்காரர், அதில் அவருக்குப் பெருமை வேறு. ஊர் முன்னால் சண்டை போடும்போது இடது கையில் வைத்திருந்தது மரக்கத்தி. ஒருநாள் ஒரு தீக்கோழியைக் கொன்று, அதன் தலையை வெட்டி, தலை ஒரு கையிலும் ரத்தம் சொட்டும் வாள் இன்னொரு கையிலுமாகச் செனட்டர்கள் இருந்த பக்கம் நடந்து வருகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டுகிறார். உங்களுக்கும் இதுதான் என்று அர்த்தம்.

டியோ எழுதுகிறார்: எங்களுக்கு வந்தது பயமோ கோபமோ இல்லை, சிரிப்பு. சிரித்திருந்தால் அங்கேயே பல பேர் செத்திருப்போம். உடனே அவர் தன் தலையில் இருந்த மாலையிலிருந்து லாரல் இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மெல்லத் தொடங்குகிறார். பக்கத்தில் இருப்பவர்களிடமும் அப்படியே செய்யச் சொல்கிறார். தாடை ஆடிக்கொண்டே இருந்தால் சிரிப்பு வெளியே தெரியாதல்லவா? கசக்கும் இலையை வரிசையாக மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள். கொடுங்கோன்மை பற்றி நான் படித்ததிலேயே மறக்க முடியாத இடம் இது. இரண்டு பெரிய படங்களும் கொமோடஸைக் காட்டின. இந்தக் காட்சியை எடுக்கவில்லை. தனியாக நின்று மிரட்டும் வில்லன்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சிரிப்பு வரும் வில்லன் இன்னும் பயங்கரமானவன் என்பதை டியோ நேரில் அனுபவித்திருந்தார்.

கலிகுலாவுக்கும் இப்படி ஒரு நேரடிச் சாட்சி உண்டு. 38-இல் அலெக்சாண்டிரியாவில் யூதர்கள்மேல் பெரிய கலவரம் நடந்தது. முறையிட ஒரு தூதுக்குழு ரோமுக்கு வந்தது. தலைமை, ஃபைலோ என்ற வயதான தத்துவ அறிஞர். பேரரசர் அவர்களைத் தோட்ட மாளிகைகளில் சந்தித்தார். உட்கார்ந்து விசாரிக்கவில்லை. அறை அறையாக நடந்துகொண்டே, இது சரியில்லை, அதை மாற்று என்று வேலையாட்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தூதுவர்கள் பின்னாலேயே மேலும் கீழும் ஓடுகிறார்கள். ஊரில் செத்தவர்களைப் பற்றிப் பேச வாயெடுத்தால், இந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரியான கல் பதியுங்கள் என்கிறார். திடீரென்று திரும்பி, "நீங்கள் ஏன் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை?" என்று கேட்கிறார். எதிர்த்தரப்பினர் வெடித்துச் சிரித்தார்கள். அதைக் கண்டு அரண்மனை ஆட்களுக்கு எரிச்சல். ஏனென்றால் மிக நெருங்கியவர்களைத் தவிர மற்றவர்கள் பேரரசர் முன்னால் லேசாகப் புன்னகைப்பதுகூட ஆபத்து என்று ஃபைலோ எழுதுகிறார். கடைசியில், இவர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை, நான் கடவுள் என்பதை நம்பத் தெரியாத பாவப்பட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு சாட்சியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 150 வருட இடைவெளி. இரண்டிலும் சிரிப்பு வருகிறது, இரண்டிலும் அது உயிர்ப் பிரச்சினை. வெறிபிடித்துக் கத்தும் ஆள் இரண்டிலும் இல்லை. யார் பேச்சையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு மனிதர், அவர் எதிரில் முகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்கும் மற்றவர்கள். பேரரசர் பதவியின் உண்மை எதிரில் நிற்பவர் முகத்தில்தான் தெரியும் என்று நான் நம்புகிறேன். திரையில் ஒரு ரோமப் பேரரசர் சரியாக வந்திருக்கிறாரா என்று பார்க்க என் அளவுகோலும் இதுதான். 1979-இல் வந்த 'கலிகுலா' படம் இந்த அளவுகோலில் நிற்காது. அதில் உடம்புகள் நிறைய, முகங்கள் குறைவு.

நிற்பது 'ஐ, கிளாடியஸ்'. 1976-இல் பிபிசி எடுத்தது. ஸ்டூடியோவுக்குள்ளேயே போட்ட அரங்கங்கள், வெளிப்புறப் படப்பிடிப்பு இல்லை, கூட்டம் இல்லை, யானை இல்லை, எரியும் நகரம் இல்லை. அரங்கத்தில் கிளாடியேட்டர்கள் மோதும் காட்சியில் மணல்தரை கண்ணில் படாது. மேலே இருந்து பார்க்கும் அரச குடும்பத்தின் முகங்களைத்தான் காட்டுவார்கள். காசில்லாத குறையே வரமாகிவிட்டது. கேமராவுக்கு முகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

அகஸ்டஸ் சாகும் காட்சியைப் பொறுமையாகப் பாருங்கள். பிரையன் பிளெஸ்ட் நடித்த அகஸ்டஸ் படுத்திருக்கிறார். கேமரா அவர் முகத்தில் நின்றுவிடுகிறது. மனைவி லிவியாவின் குரல் மட்டும் வெளியிலிருந்து வருகிறது, இத்தனை வருடக் கணக்கைப் பேசுகிறது. அந்த முகத்தில் உயிர் எந்த நொடியில் போனது என்று நாம் தேடிக்கொண்டே இருக்கிறோம். வெட்டே இல்லாமல் நீள்கிறது. பிறகுதான் அத்திப்பழத்தைத் தொடாதே என்று அவள் மகனை எச்சரிக்கிறாள்.

இதுவும் 'ஆம்' கதைதான். மரத்திலிருந்த அத்திப்பழத்தில் லிவியா விஷம் தடவினாள் என்று சிலர் சொன்னதாக டியோ பதிவு செய்கிறார். அகஸ்டஸ் கி.பி. 14-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று நோலாவில் இறந்தபோது 76 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் இறக்க விஷம் தேவையில்லை. மருமகன், பேரன்கள் என்று வாரிசுகள் ஒவ்வொருவராக இறந்ததையும் லிவியா தலையில் கட்டினார்கள். அதில் ஒரு பேரன் மார்செய்யில் நோயில் போனான், இன்னொருவன் ஆர்மீனியாவில் பட்ட காயத்தால் திரும்பும் வழியில் போனான். நோயும் காயமும் மலிந்த காலம் அது. அரசியலில் கை இருந்த பெண் என்றால் விஷக்காரி என்று எழுதுவது அந்த எழுத்தாளர்களின் பழக்கம். தொடரில் ஷான் பிலிப்ஸ் அந்த லிவியாவை மறக்க முடியாதபடி நடித்துவிட்டார். அதனாலேயே உண்மையான லிவியாவுக்கு நியாயம் கிடைப்பது கடினமாகிவிட்டது. அவள் பெயரில் ரோமர்கள் ஓர் அத்தி வகையை அழைத்தார்கள் என்பதும் உண்மை. ஒருவேளை அவள் தோட்டக்கலையில் ஆர்வமுள்ளவள் என்பதுதான் அதில் மிச்சமிருக்கும் செய்தி. 2021-இல் வந்த 'டோமினா' தொடர் லிவியாவின் கண்ணிலிருந்து கதையைச் சொல்லப் பார்த்தது. அந்த முயற்சியை வரவேற்கிறேன்.

'ஐ, கிளாடியஸ்' தொடரில் கலிகுலா தன் சகோதரியின் வயிற்றைக் கிழித்ததாக வரும் இடம் எந்தப் பழைய நூலிலும் கிடையாது. சகோதரியோடு தகாத உறவு என்ற வதந்தி உண்டு. கிழித்தது நாடக ஆசிரியரின் கற்பனை. நிறையப் பேர் இதை வரலாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளாடியஸ் விஷயத்தில்தான் நம்மை எல்லாரையும் அந்தத் தொடர் மயக்கிவிட்டது. கிளாடியஸாக நடித்த டெரெக் ஜகோபியின் திக்குவாய், தலை நடுக்கம், இழுத்து நடக்கும் கால் எல்லாம் சூட்டோனியஸ் சொன்னவைதான். வரலாறு எழுதிய அறிஞர் என்பதும் சரி: எட்ருஸ்கர்கள் என்ற பழைய இத்தாலிய இனத்தார் பற்றி 20 புத்தகம், கார்த்தேஜ் பற்றி 8 புத்தகம். ஆனால் குடியரசை ஆசைப்படும் அந்த மெல்லிய மனம், தொடருக்கு மூலமான நாவலை எழுதியவர் கொடுத்தது. உண்மையான கிளாடியஸ் ஆட்சியில் 35 செனட்டர்களும் 300-க்கு மேற்பட்ட குதிரைவீரர் வகுப்பினரும் கொல்லப்பட்டார்கள் என்று சூட்டோனியஸ் கணக்குச் சொல்கிறார். சண்டையில் விழுந்த வலைவீரர்கள் (வலையோடு மோதும் கிளாடியேட்டர்கள்) சாகும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டாராம்.

படங்களில் கிளாடியேட்டர்கள் வரிசையில் நின்று "சாகப் போகிறவர்கள் உன்னை வணங்குகிறோம்" என்று சொல்வார்களே, அது ஒரே ஒரு முறை நடந்ததாகத்தான் பதிவு. 52-இல், ஃபூசினோ ஏரியில், இதே கிளாடியஸ் முன்னால். சொன்னவர்களும் கிளாடியேட்டர்கள் இல்லை, போலிக் கடற்போருக்காகக் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். கிளாடியஸ் பதிலுக்கு, "சாகாமலும் போகலாம்" என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவைத்தார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர்கள் சண்டை போட மறுத்துவிட்டார்கள். எல்லாரையும் எரித்துவிடலாமா என்று யோசித்த பேரரசர், கடைசியில் எழுந்து, காலை இழுத்து இழுத்து ஏரிக்கரையோரம் ஓடி, மிரட்டியும் கெஞ்சியும் அவர்களைச் சண்டையில் இறக்கினார். ஆயிரக்கணக்கான ஆயுதபாணிகளிடம் நொண்டிக்கொண்டு ஓடிக் கெஞ்சும் உலகின் அதிகாரமிக்க மனிதர். இதை யாராவது ஒருநாள் படமாக்க வேண்டும்.

2024-இல் வந்த இரண்டாம் கிளாடியேட்டரில் வரும் அண்ணன் தம்பிகள் கரகல்லா, கெட்டா. படத்தில் வெளிறிய தோல், செம்பட்டை முடி, முகப்பூச்சு, கையில் குரங்கு. அந்தக் குரங்குக்குக் கான்சல் பதவி. குதிரைக் கதைதான் குரங்காகி வந்திருக்கிறது. உண்மையில் அவர்கள் அப்பா செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவில் இருக்கும் லெப்சிஸ் மாக்னாக்காரர், அம்மா ஜூலியா டோம்னா சிரியாவின் எமெசாக்காரி. பெர்லின் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த ஒரு வட்டப் பலகை ஓவியம் இருக்கிறது. சுமார் 30 சென்டிமீட்டர் அகலம், சாப்பாட்டுத் தட்டு அளவு. நரைத்த தாடியோடு, மாநிறத்தைவிடக் கருத்த அப்பா. முத்து அணிந்த அம்மா. கீழே இரண்டு பையன்கள். ஒரு பையனுக்கு முகம் இல்லை, சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. 211 டிசம்பரில் கரகல்லா ஆட்களை வைத்து, தாயின் மடியிலேயே தம்பி கெட்டாவைக் கொல்லவைத்தார். தடுத்த தாயின் கையிலும் காயம். அதை அவள் கவனிக்கவே இல்லை என்கிறார் டியோ. பிறகு பேரரசு முழுவதும் தம்பியின் பெயரையும் முகத்தையும் அழிக்க உத்தரவு. அந்தப் பலகையில் முகம் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தால், இரண்டரை மணி நேரப் படம் சொல்லாதது புரிந்துவிடும்.

அதே கரகல்லா 212-இல் போட்ட ஆணையால் பேரரசின் அடிமை அல்லாத மக்களில் ஏறக்குறைய எல்லாரும் ரோமக் குடிமக்கள் ஆனார்கள். வரி வசூலுக்காகச் செய்தார் என்று டியோ சொல்கிறார். காரணம் எதுவானாலும் கோடிக்கணக்கானோரின் சட்ட நிலை ஒரே நாளில் மாறியது. படத்தில் இதற்கு இடமில்லை.

இங்கேதான் எனக்குப் பெரிய குறை. பேரரசரின் நாள் பெரும்பாலும் மனுக்களைப் படிப்பதிலும் பதில் சொல்வதிலும் போனது. 200 மார்ச்சில் செவரஸும் கரகல்லாவும் எகிப்துக்கு வந்திருந்தபோது கொடுத்த தீர்ப்புகளை எழுதிவைத்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 3 நாளில் 13 பதில்கள், அலெக்சாண்டிரியாவில் பொது இடத்தில் ஒட்டப்பட்டவை. அப்பாவோடு பெயர் போட்டிருக்கும் கரகல்லாவுக்கு அப்போது 11 வயது. பேரரசர் டிராஜனுக்கு ஆளுநர் பிளினி எழுதுகிறார்: நிக்கோமீடியாவில் தீப்பிடித்துப் பெருஞ்சேதம், 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா? டிராஜன் வேண்டாம் என்கிறார். எந்தப் பெயரில் கூடினாலும் சீக்கிரம் அரசியல் கூட்டமாகிவிடும், கருவிகளை மட்டும் வாங்கி வையுங்கள். எங்கோ ஒரு ஊரில் வாளியும் ஆட்களும் வேண்டும் என்பதற்குக்கூடப் பேரரசர் யோசிக்கிறார், பயப்படுகிறார்.

ஹேட்ரியன் பயணம் போகும்போது வழியில் ஒரு பெண் மனுவோடு மறித்தாளாம். நேரமில்லை என்றார். "அப்படியென்றால் அரசராக இருக்காதே" என்று கத்தினாள். அவர் நின்று, திரும்பி, கேட்டார். இதற்கும் 'ஆம்' போட்டிருக்கிறேன், கவனியுங்கள். நல்ல கதைக்கும் அதே விதிதான்.

அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் பேரரசரின் முகத்தைப் பார்த்தது நாணயத்தில்தான். அந்த முகம் நம் ஊர் வரை வந்தது. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த புதையலில் 501 ரோமத் தங்கக் காசுகள். அவற்றில் பல இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் போட்ட ஒரு வெட்டு. மறுபடி நாணயமாகப் புழங்கக் கூடாது, இனி வெறும் தங்கம் என்பதற்காகப் போட்டது என்று ஆய்வாளர்கள் பொதுவாக விளக்கம் சொல்கிறார்கள். ரோமில் செனட்டர்கள் இலையை மென்று சிரிப்பை அடக்கிய அந்த முகவரிசையை, இங்கே ஒரு வியாபாரி எடை பார்த்து வாங்கியிருக்கிறார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். பாதியில் விட்ட 'ஐ, கிளாடியஸ்' தொடரை முடித்துவிடுங்கள். படம் பிடித்த தரம் பழையதுதான். இரண்டு பகுதி போனால் கண் பழகிவிடும். அதன்பின் எச்பிஓவின் 'ரோம்' தொடரைப் பாருங்கள். அகஸ்டஸ் பேரரசராவதற்கு முன், உணர்ச்சியே காட்டாமல் கணக்குப் போடும் பையனாக அவரைக் காட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. தெருவும் சமையலறையும் சுவர்க் கிறுக்கலும் அதில்தான் சரியாக வந்திருக்கின்றன. பிறகு முதல் கிளாடியேட்டரை இன்னொரு முறை போடுங்கள். செனட்டர் கிராக்கஸாக வருபவர் யார் என்று தெரிகிறதா? அதே டெரெக் ஜகோபி. கொமோடஸ் பேசும்போதெல்லாம் அவர் வாய் எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்று பாருங்கள்.